மூன்று பூட்டுக் கதவுக்குப் பின்னால் இறங்கிய நாரை

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. மூன்று என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஐந்தில் ஒன்றுகூட அடுத்த வீட்டு வாசலில் கையேந்தி நின்றது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் சங்கதி இல்லை.

கல்லல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பகல் ஆகும். இதை எழுத மாசியும் பங்குனியும் போய்விட்டது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டேன். இப்போது அது ஓட்டல். அங்கே வேலைக்கு இருக்கும் பிள்ளைகள் ஒரு அட்டையைக் காட்டினால் கதவு திறந்துகொள்கிறது. சாவி என்ற பேச்சே இல்லை. போன தைக்கு அந்த மேனேஜர் தம்பி என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

"பெரியம்மா, பூட்டிக் கிடந்த வீட்டுல இருபத்தாறு வருஷமா என்னதான் செஞ்சீக? எங்க பிள்ளைகளுக்குத் தெரியணும்ல. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, கண்ணாடி போட்டு முகப்புல மாட்டிருவோம்" என்றார்.

ஒரு பக்கத்தில் அடங்குவதாக இருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன். இது மாட்டி வைக்கிற எழுத்து இல்லை.

என் வீட்டுக்காரர் புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அவர் போன மறு மாதமே நான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனேன். என்னை வேலைக்கு எடுத்தது பெரிய ஆச்சி. அந்த வீடு அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பொது. மூத்தவரின் மனைவிதான் பெரிய ஆச்சி. மெட்ராஸில் இருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார்கள். முதல் தடவை பத்து நாள் கூடவே இருந்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் கற்றுக்கொண்டது எல்லாம் நானாகத்தான்.

ஆச்சி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், தூணைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஒரு கேள்வி கேட்டு, நாம் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு, "ம்" என்பார்கள். மறுநாள் அதே கேள்வியை அதே வார்த்தையில் மறுபடியும் கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால்தான் நம்புவார்கள். "அவசரத்துல கேட்டா அவசரத்துல பொய் வரும் காளியம்மை. ஒரு நாள் விட்டுக் கேட்டா பொய்க்குக் கால் தடுமாறும்" என்பார்கள். எனக்கு ஒருநாளும் தடுமாறியதில்லை. அதனால்தான் இருபத்தாறு வருஷம்.

வேலை இதுதான். செவ்வாயும் வெள்ளியும் வீட்டைத் திறக்க வேண்டும். முதலில் முகப்பு, பிறகு வளவு. வளவு என்பது தூண் வரிசை சுற்றி நிற்க, நடுவில் வானம் பார்த்த முற்றம் உள்ள இடம். மாற்றித் திறக்கக்கூடாது. முகப்பைத் திறந்து அரை நாழிகை காற்று உள்ளே போன பிறகுதான் அடுத்த கதவு. பெருக்கும்போது தூசியை வாரி உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மாவு மாதிரி இருந்தால் சுவர் உதிருகிறது. மணல் மாதிரி இருந்தால் ஓட்டுக்கு இடையில் ஓட்டை. குருணை குருணையாக மரத்தூள் இருந்தால் தேக்கில் பூச்சி. பூட்டுகளுக்கு மாதம் ஒருதரம் எண்ணெய். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே ஏறி ஓடு பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கார்டில் எழுதி மெட்ராஸுக்குப் போட வேண்டும். என் கோழிக்கிறுக்கல் எழுத்தை ஆச்சி ஒருவர்தான் வாசிப்பார்கள்.

வளவுக்கு அங்குட்டு இரண்டாம் கட்டு. அதில் ஒரு சின்ன முற்றமும் சுற்றிலும் சாமான் அறைகளும். அந்த அறைகளில்தான் மூன்று தலைமுறைச் சாமான் கிடந்தது. அதை எப்படிப் பிரிப்பது என்று அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு முடியும் வரை இரண்டாம் கட்டுக் கதவை மூன்று பேரும் சேர்ந்து நின்றால் ஒழியத் திறப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கதவில் மூன்று கொண்டி அடித்து, ஆளுக்கொரு பூட்டாக மூன்று பூட்டு. பூட்டி மூன்று பேரும் மூன்று திசைக்குப் போனார்கள். மூத்தவர் மெட்ராஸ், நடுவுள்ளவர் மலேசியா, சின்னவர் மதுரை.

இங்கேதான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று சாவியும் என்னிடம் இருந்தன.

பெரிய ஆச்சி தன் சாவியை, அந்தப் பூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, எல்லோருக்கும் தெரியவே கொடுத்திருந்தார்கள். நடுவுள்ளவர் மனைவி, மலேசியா ஆச்சி, விமானம் ஏறப் போகுமுன் என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்க பூட்டும் துருப்பிடிக்கும்ல. மாத்துச் சாவியை நீ வச்சுக்க. பெரியவுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்று முந்தானையில் முடிந்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து மதுரை ஆச்சியும் வந்து அதையே செய்தார்கள். "அவுக ரெண்டு பேருக்கும் சொல்லிராதே காளியம்மை" என்றார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டுந்தான் என்னை நம்பிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று சாவியும் என் இடுப்புச் சுருக்குப்பையில் கிடந்தும், ஒரே வேளையில் மூன்று பூட்டையும் நான் திறந்தது கிடையாது. ஒன்றைத் திறந்து எண்ணெய் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். அந்தக் கதவை ஒரு விரற்கடை கூடத் தள்ளிப் பார்த்ததில்லை. ஊரில் வேறு எவளிடமாவது இப்படி மூன்று சாவி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நடக்கும்போதே எனக்கு முதுகு நிமிரும். அவ்வளவு கர்வம்.

தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா, சரியாக நினைவில்லை. கார்த்திகை மாதம். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்து கிடந்தது. அன்று சனிக்கிழமை. முகப்பு வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன். காரைக்குடிக் கான்வென்ட் யூனிபாரம் போட்ட நாலு பெண்பிள்ளைகளும் ஒரு டீச்சரம்மாவும் தெருவில் ஒவ்வொரு வீடாக நின்று நின்று வந்தார்கள். டீச்சருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பெயர் ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பெரியம்மா, இந்த வீட்டுல யார் இருக்கீக?" என்று கேட்டார்.

"நான்தான் இருக்கேன். வீட்டுக்காரவுக மெட்ராஸ்ல. என்ன வேணும்?"

"ஒரு நாரையைத் தேடி வந்திருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாரையைக் கண்மாயில போய்த் தேடணும் தாயி. தெருவுல தேடுனா காக்காதான் கிடைக்கும்."

பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். "நானும் இதத்தான் சொன்னேன் டீச்சர், நீங்கதான் கேக்கல" என்றாள் ஒருத்தி.

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். எங்கேயோ வடக்கே, பனி பெய்கிற ஒரு நாட்டில், ஒரு செங்கால் நாரையைப் பிடித்து முதுகில் தீப்பெட்டி போல ஒரு கருவியைக் கட்டிப் பறக்க விட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டி வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். நாரை வரும் வழியில் நாட்டுக்கு ஒன்றாக ஏழெட்டுப் பள்ளிக்கூடங்கள். அங்கே உள்ள பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, அது எங்கே வந்திருக்கிறது, எங்கள் ஊரில் மழை எப்படி, வயலில் என்ன நிற்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் கடைசிப் பள்ளிக்கூடம் இவர்களுடையது. அந்த நாட்டுப் பிள்ளைகள் நாரைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் அதை வெள்ளையம்மா என்று மாற்றிவிட்டார்கள்.

"வானத்துல சுத்துறதுக்குத் தெரியுது, தெருவுல சுத்துற உங்களுக்குத் தெரியலையாக்கும்?" என்றேன்.

"அது துல்லியமாச் சொல்லாது பெரியம்மா, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்றாள் ஒரு ஒல்லிப் பிள்ளை. ஜெனிட்டா. ஒன்பதாம் வகுப்பு. நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "ஆனா ஒம்போது தடவை சேதி வந்திருக்கு. ஒம்போதும் இந்தத் தெருவைச் சுத்தியேதான். கண்மாய்க்குப் போகவே இல்ல. நாரை தண்ணிப் பக்கம் போகாம ஒரே இடத்துல இருக்குன்னா அது எங்கயோ மாட்டிக்கிருச்சு."

"சத்தம் கித்தம் கேட்டிருக்கணுமே. நாரை கத்தாதா?"

"அதுக்குக் கத்தத் தெரியாது பெரியம்மா. அலகைத்தான் தட்டும்."

பையிலிருந்து இரண்டு மர ஸ்கேலை எடுத்தாள். ஒன்றோடு ஒன்று சேர்த்து வேகமாகத் தட்டிக் காட்டினாள். டக டக டக டக என்று ஒரு ஓட்டம், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு ஓட்டம்.

"இப்படி எங்குட்டாவது கேட்டுச்சா?"

கேட்டேன். முதல் நாள் வெள்ளிக்கிழமை வளவு பெருக்கும்போது மூன்று பூட்டுக் கதவுக்கு அங்குட்டிருந்து கேட்டேன். ஏதோ ஜன்னல் கதவு கொண்டி கழன்று காற்றில் அடிக்கிறது என்று நினைத்தேன். அந்த முற்றத்துக்கு மேலே காக்கை குரங்கு இறங்காமல் கம்பி வலை போட்டிருந்தார்கள். ஐப்பசியில் ஓடு பார்க்க ஏறியபோது அதில் ஒரு மூலை பிய்ந்து தொங்கியதைப் பார்த்து ஆச்சிக்குக் கார்டும் எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளை ஸ்கேலைத் தட்டிய அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கேயோ கரண்டுக் கம்பியில் சிறகு அடிபட்டு ஓட்டில் விழுந்து, சறுக்கி, அந்த ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது.

"இல்லையே. ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"உள்ள வந்து ஒரு தடவை பாக்கலாமா பெரியம்மா?" என்றார் டீச்சர்.

வளவு வரை கூட்டிப்போனேன். பிள்ளைகள் தூணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஜெனிட்டா மட்டும் நேரே போய் அந்தக் கதவு முன்னால் நின்றாள். நல்ல வேளை, அப்போது உள்ளே சத்தம் இல்லை. நல்ல வேளை என்று அன்றைக்கு நினைத்தேன்.

"இதுக்கு அங்குட்டு என்ன இருக்கு?"

"சாமான் அறை. பங்காளிக மூணு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறப்பாக."

"உங்ககிட்டச் சாவி இல்லையா?"

சுருக்குப்பை என் இடுப்பில் கனத்தது.

"இல்ல தாயி" என்றேன்.

பிள்ளைகளுக்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் பேசும். மூன்று சாவியும் இவளிடம் எப்படி வந்தது, இத்தனை வருஷம் இவள் உள்ளே போய் வந்தாளா, என்னென்ன போனது என்று கேட்பார்கள். ஒரு கரண்டி குறைந்தாலும் என் தலையில்தான். வேலை போகும், அது போனால்கூட எப்படியோ பிழைத்திருப்பேன். காளியம்மை கை சுத்தம் என்ற பேச்சு போய்விட்டால் எனக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? இதைத்தான் நினைத்தேன். நாரையை நினைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு டெலிபோன் பூத்துக்குப் போய் மெட்ராஸுக்குப் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கதவுக்குப் பின்னால சத்தத்தை நீ கேட்டியா காளியம்மை?" என்றார்கள் ஆச்சி.

"கேட்டேன் ஆச்சி."

"ம். நாளைக்குப் பேசு."

ஞாயிற்றுக்கிழமை பேசினேன். "கதவுக்குப் பின்னால சத்தத்தை நீ கேட்டியா காளியம்மை?" அதே வார்த்தை. "கேட்டேன் ஆச்சி." அதே பதில்.

"மலேசியாவுக்கும் மதுரைக்கும் சொல்லணும். மூணு பேரும் வரணும். கேசு கிடக்கிறப்ப ஒரு பறவைக்காக நான் கதவைத் திறந்தேன்னா, நாளைக்கு வக்கீல் என்ன பேசுவான்?" பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்கள். "உன்கிட்ட என் சாவி ஒண்ணுதான இருக்கு?"

"ஆமா ஆச்சி. ஒண்ணுதான்."

"ம்" என்றார்கள். அந்தக் கேள்வியை மட்டும் அவர்கள் மறுநாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேனோ என்னவோ.

திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தைக்குப் போனேன். கால் தானாகக் கான்வென்ட் பக்கம் போனது. ஜெனிட்டா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனாள். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு மேல் பூப்போட்ட துணி. சுவரில் பெரிய தேசப்படம். வடக்கே மேலேயிருந்து கீழே வரைக்கும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார்கள். நாரை இருந்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. மலை தாண்டி, பாலைவனம் தாண்டி, நம் நாட்டுக்குள் நுழைந்து, விரல் விரலாக இறங்கி வந்திருந்தது. கடைசியில் ஒரு இடத்தில் பொட்டின் மேல் பொட்டாக ஒட்டி அது ஒரு சின்ன மேடாக எழும்பி நின்றது.

"இதுதான் உங்க தெரு" என்றாள். "பாருங்க, இத்தனை தூரம் வந்துட்டு இங்க நின்னுருச்சு. அங்க உள்ள பிள்ளைக கேட்டு எழுதியிருக்கு, அவளுக்குச் சாப்பாடு கிடைக்குதான்னு. என்ன எழுதுறதுன்னு டீச்சருக்கே தெரியல. பெரிய ஆச்சி என்ன சொன்னாக பெரியம்மா?"

"கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காக" என்றேன்.

வரும் வழியில் சந்தையில் அயிரை மீன் வாங்கினேன். எனக்கு இல்லை. அந்தக் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. அதன் வழியாக மீனை ஒவ்வொன்றாக ஒரு குச்சியால் உள்ளே தள்ளினேன். ஒரு செம்புத் தண்ணீரையும் ஊற்றிவிட்டேன். அங்குட்டு நடை சத்தம் கேட்டது. நகம் கல்லில் படுகிற சத்தம். கதவு வரை வந்து நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகை. சாவி என் பக்கம்.

செவ்வாய்க்கிழமை குனிந்து பார்த்தபோது மீன் அப்படியே கிடந்தது, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. உயிரோடு துள்ளுகிற மீனைத்தான் அது தின்னுமோ, அதற்குத் தெம்பில்லையோ, எனக்கு என்ன தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அலகு தட்டியது. அதுவும் பாதியில் நின்றது. புதன்கிழமை ஒரு சத்தமும் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், மூன்று பூட்டையும் திறந்தேன். எண்ணெய் விட்டு விட்டு வைத்திருந்ததால் ஒவ்வொன்றும் தொட்டவுடன் திறந்துகொண்டது.

முற்றத்தின் நடுவில் கிடந்தது. ஒரு சிறகு விரிந்தபடி, இன்னொன்று உடம்பின் கீழே மடிந்து. சிவப்புக் கால். முதுகில் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து மெலிசாக ஒரு கம்பி. தரையில் மழைக்குப் படிந்த பாசியில் அது ஓடிய தடம் இருந்தது. அந்தப் பெரிய பறவைக்கு எழும்ப ஓட்டம் வேண்டும் என்று பிறகு டீச்சர் சொன்னார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் எட்டு அடி. எட்டு அடி ஓடி, சுவரில் மோதி, திரும்பி எட்டு அடி ஓடியிருக்கிறது. பாசி முழுக்க உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. சுவர் ஓரம் எல்லாம் நகத்தால் கீறிச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

சாமான் அறைகள் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனமாகச் செய்தேன். என்ன மனுஷி நான்.

அங்கேயே புதைத்திருக்கலாம். வீட்டுக்குள் வைத்தால் அந்தப் பெட்டி விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் என்ற பயம். உரச் சாக்கில் போட்டு, மேலே காய்ந்த வரட்டியை அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கண்மாய்க்கு நடந்தேன். இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது, தூக்கினால் கனமே இல்லை. கருவேல மரத்தடியில், தண்ணீர் ஓரமாக, தானாக வந்து விழுந்தது மாதிரிக் கிடத்தினேன். வந்து கதவைப் பூட்டினேன், மூன்றையும், வரிசைப்படி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்த கையோடு அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். தெருமுனையிலேயே சத்தம்.

"பெரியம்மா! வெள்ளையம்மா பறந்துட்டா!"

ஜெனிட்டாதான் முதலில் ஓடி வந்தாள். "நேத்து சேதி வந்துச்சு பெரியம்மா. புதுப் பொட்டு! கண்மாய்ல இருக்கா! பத்து நாளா ஒரே இடத்துல இருந்தவ, தானா வெளிய வந்துட்டா! நாங்க எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிப் போட்டுட்டோம். அந்தப் பிள்ளைகளும் உடனே பதில் போட்டிருக்கு. ஒரே ஆட்டமாம் வகுப்புல."

"எப்படித்தான் வெளிய வந்துச்சோ. நீங்க ஏதும் நேர்ந்துக்கிட்டீகளா பெரியம்மா?" என்றார் ஸ்டெல்லா டீச்சர் சிரித்துக்கொண்டே.

ஜெனிட்டா என் உள்ளங்கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயை வைத்தாள். "வகுப்புல எல்லாத்துக்கும் குடுத்தோம். இது உங்களுக்கு எடுத்து வச்சது. சாப்பிடுங்க."

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் போட்டுக்கொண்டேன். கரையும் வரைக்கும் நின்று, பிறகு எல்லோரும் கண்மாய்ப் பக்கம் போனார்கள், நாரையைப் பார்க்க. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அவர்கள் திரும்பி என் தெரு வழியாக வரவில்லை.

அடுத்து நடந்ததை ஜெனிட்டா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெட்டி இடத்தை மட்டும் சொல்வதில்லையாம். பறவை அசைகிறதா, உடம்பில் சூடு இருக்கிறதா என்றும் சொல்லுமாம். அந்தக் கணக்கைப் பார்க்கிற பெரிய படிப்புப் படித்தவர் அந்த நாட்டிலிருந்து எழுதினார்: பறவை புதன்கிழமையே இறந்துவிட்டது, வெள்ளிக்கிழமைதான் இடம் மாறியிருக்கிறது, யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள், யார், ஏன் என்று விசாரித்து எழுதுங்கள். அங்கே ஆடிப்பாடிய பிள்ளைகளுக்கு அது படித்துக் காட்டப்பட்டது. உங்கள் ஊரில் பறவையைக் கொல்வார்களா என்று ஒரு பிள்ளை கேட்டு எழுதியிருந்ததாம். இங்கே பெரிய டீச்சர், விசாரிக்காமல் பறந்துவிட்டது என்று உலகத்துக்கெல்லாம் எப்படி எழுதினாய் என்று ஸ்டெல்லா டீச்சரை எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டார்கள். தேசப்படத்தைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்தார்கள். முழுப் பரீட்சை முடிந்ததும் ஸ்டெல்லா டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஜெனிட்டா வந்தது மார்கழியில். தனியாக வந்தாள், பஸ் பிடித்து. வாசற்படியில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, அதன் மேல் ஒரு தாள்.

"கடைசி அறிக்கை அனுப்பணும் பெரியம்மா. டீச்சர் என்னைய எழுதச் சொல்லிட்டாக."

"எழுது தாயி."

"வெள்ளையம்மா நகத்துக்குள்ள சுண்ணாம்பு இருந்துச்சு. நான்தான் கழுவுனேன்." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்மாயில சுண்ணாம்பு ஏது பெரியம்மா?"

சுருக்குப்பையை முந்தானைக்குள் இழுத்து மூடினேன்.

"அந்தக் கதவுச் சாவி உங்ககிட்ட இருந்துச்சா?"

என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி அவள் கேட்கவில்லை. ஆமா என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுத்திருக்காது. இன்றைக்கும் அதை நம்புகிறேன். அவளுக்கு வேண்டியது உண்மை ஒன்றுதான், எழுதுவதற்கு.

"இல்ல தாயி" என்றேன்.

தலையை ஆட்டினாள். பேனாவைத் திறந்து, தாளை நோட்டின் மேல் நேராக வைத்து, மெல்ல எழுதினாள். எழுதியதை எனக்கு வாசித்தாள். "யார் எடுத்துச் சென்றார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை." வாசித்துவிட்டு, "இப்படி அனுப்பட்டுமா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"அனுப்பு" என்றேன்.

எழுந்து போய்விட்டாள். மிட்டாய் கொடுத்தபோது என் முகத்தைப் பார்த்த பிள்ளை, போகும்போது பார்க்கவில்லை. அதற்கப்புறம் நான் அவளைக் கண்டதில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ.

ஏழெட்டு வருஷம் கழித்து வழக்கு ராசியானது. மூன்று குடும்பமும் வந்து, அவரவர் சாவியால் அவரவர் பூட்டைத் திறந்தார்கள். ஒன்றுவிடாமல் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். பெரிய ஆச்சிக்கு அப்போது கண் மங்கியிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர்கள் ஓரிடத்தில் நின்று, "இந்தக் கீறல் என்ன காளியம்மை?" என்றார்கள். "மழையில சுண்ணாம்பு விட்டுப்போச்சு ஆச்சி" என்றேன். மறுநாள் அதே கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, தூணைப் பார்த்து, "காளியம்மை இருந்ததால ஒரு கரண்டி குறையல" என்றார்கள். எனக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். மாற்றுச் சாவிகளை மலேசியா ஆச்சியிடமும் மதுரை ஆச்சியிடமும் தனித்தனியாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சேலையை நான் உடுத்தவில்லை. மூத்த மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் தம்பி, உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நான் அந்த வீட்டுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. ஒரு சாமான் போகவில்லை, ஒரு மரம் செல்லரிக்கவில்லை. சாவியை ஒழுங்காக வைத்திருந்தேன். எதற்காக ஒரு சாவி என்று மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த முற்றத்தில் இப்போது மேசை நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்குக் காலைப் பலகாரம் கொடுக்கிறீர்கள். ஒருநாள் என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டு அங்கே உட்காரச் சொன்னீர்கள். மூட்டு வலி என்று சொல்லி வெளியிலேயே நின்றேன். அது மூட்டு வலி இல்லை.

எழுதி முடித்துவிட்டேன். யாழினி, நீ வந்து உட்காரு. உன் அப்பத்தா எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும், கூட்டி வாசித்துக்கொள். முதலிலிருந்து வாசி, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். சாவி இல்லை என்று நான் சொல்கிற இடம் வரும். அப்பத்தா மனசு நோகும் என்று அங்கே குரலை இறக்காதே, தாண்டியும் போகாதே. நான் எப்படிச் சொன்னேனோ அப்படியே, கூசாமல், சத்தமாக வாசி.